ஏஐயிடம் மனசு விடும் பிள்ளைகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். இப்போது என்னிடம் வரும் படிவம் 4, 5 பிள்ளைகளில் (பதினாறு, பதினேழு வயதுக்காரர்கள்) பலர், முதலில் கைபேசியில் உள்ள ஏஐயிடம் (செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலி) எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத்தான் வருகிறார்கள். அப்பா விடியற்காலையிலேயே செம்பனைத் தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார், அம்மாவுக்குத் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட், கைபேசியோ எதைச் சொன்னாலும் திட்டாமல் கேட்கிறது, பிள்ளை வேறு யாரிடம் போகும்?

இது இன்று வந்த பழக்கம் இல்லை. 1966-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் எலிசா என்றொரு உரையாடும் கணினி நிரலை வெளியிட்டார். அதற்கு ஒன்றுமே புரியாது. அம்மாவைப் பற்றி எழுதினால் ‘உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்’ என்று திருப்பிக் கேட்கும். உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வழியில் வந்த ஆலோசகர்கள் பேசுகிற பாணிதான் அது (நாங்களும் அப்படித்தான் பேசுவோம்!). அது வெறும் நிரல் என்று நன்றாகத் தெரிந்த வைசன்பாமின் செயலாளரே, அதனுடன் பேச ஆரம்பித்ததும் அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம்.

இன்றைய ஏஐக்கும் உளவியலில் வேர் உண்டு. இன்றைய ஏஐக்கு அடிப்படையான நரம்பு வலைப்பின்னலுக்கு (மூளை நரம்புகளைப் பார்த்து அமைத்த கணினி முறை) முன்னோடியான பெர்செப்ட்ரானை 1958-இல் முன்வைத்த பிராங்க் ரோசன்பிளாட் ஓர் உளவியலாளர். அப்புறம், மனிதர்களுக்கு எந்தப் பதில் பிடிக்கிறது என்று மதிப்பிட வைத்துத்தான் இவற்றைப் பழக்குகிறார்கள். அதனால் நாம் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடும் குணமும் ஒட்டிக்கொள்கிறது.

ஒரு மாணவி (அடையாளத்தை மாற்றியிருக்கிறேன்) திரையைக் காட்டினாள். தோழி புலனத்தில் (வாட்ஸ்அப்) செய்தியைப் பார்த்தும் பதில் போடவில்லை. ‘அவ என்னை வெறுக்கிறாளா?’ இதையே விதவிதமாக விடிய விடியக் கேட்டிருக்கிறாள், ஒவ்வொரு முறையும் ‘உங்கள் வருத்தம் நியாயமானது’ என்று ஆறுதல் வந்திருக்கிறது. பதற்றத்துக்கு இது தீனி. ஆறுதல் கொஞ்ச நேரம்தான் தாங்கும், சந்தேகம் திரும்ப வரும், மறுபடி கேட்கத் தோன்றும். ஆலோசகர் என்றால் ஒரு கட்டத்தில் நிறுத்தி, ‘சரி, பதில் தெரியாமலேயே இன்று தூங்கிப் பார்ப்போமா?’ என்பார். ஏஐக்குச் சலிப்பே வராது, அதுதான் சிக்கல்.

இன்னொன்று, ரகசியம் காக்க வேண்டிய கடமை எங்களுக்கு 1998 ஆலோசகர் சட்டப்படி உண்டு. அந்தச் செயலிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

அதற்காகக் கைபேசியைப் பிடுங்காதீர்கள், பிள்ளை ஒளித்துப் பேசும், அவ்வளவுதான். ‘அது என்னம்மா சொல்லிச்சு?’ என்று கேட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். மனசு ரொம்பக் கனத்தால் சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555, அங்கே மனிதர்கள் பேசுவார்கள்.