மழைக்குப் பயந்து கோழிக்கூண்டை மூடிக் கட்டாதீர்கள்

இந்த மழைக்காலத்தில் இது எத்தனையாவது அட்டைப்பெட்டி என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். நேற்றும் ஒன்று வந்தது. இருபது குஞ்சுகளில் ஏழு செத்துவிட்டன, இன்னும் நான்கு பெட்டிக்குள் இறக்கை தொங்க, கண் சொருகி, ஒடுங்கி உட்கார்ந்திருந்தன. அடியில் விரித்திருந்த காகிதத்தில் ரத்தம். "குளிர் தாங்கல டாக்டர், நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டி நல்லா மூடித்தான் வெச்சிருந்தோம்" என்றார் கொண்டுவந்த அம்மா. அக்கறையாகத்தான் செய்திருக்கிறார், அதுதான் மனதைப் பிசைகிறது.

தயவுசெய்து இதை ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். வளர்ந்த கோழியின் உடல் சூடு 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். இறகு காய்ந்திருந்தால் அதைச் சிலிர்த்துக்கொண்டு எவ்வளவோ குளிரைத் தாங்கிவிடும். கோழியால் தாங்க முடியாதது ஈரம். அந்த ஈரம் மழையிலிருந்து மட்டும் வருகிறது என்று நினைக்கிறீர்கள், இல்லை. கோழி எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர், அது விடும் மூச்சிலும் ஈரம். பத்துக் கோழிகளை இரவு முழுக்கத் தார்ப்பாய்க்குள் அடைத்தால் அத்தனை ஈரமும் உள்ளேயே தங்கி, தரையில் விரித்த கூளத்தில் இறங்கி, எச்சத்தோடு சேர்ந்து அம்மோனியாவாகக் கிளம்பும். காலையில் கதவைத் திறந்ததும் உங்களுக்குக் கண் எரிகிறது என்றால், தரைக்கு ஓரடி மேலே அதே காற்றை விடிய விடிய இழுத்த கோழியின் மூச்சுக்குழாய் என்ன ஆகியிருக்கும்? அப்புறம்தான் "சளி பிடிச்சிருக்கு, குளிர்தான் காரணம்" என்று வருகிறீர்கள், போன கையோடு இன்னொரு தார்ப்பாயும் கட்டுகிறீர்கள்!

சாரல் அடிக்கும் பக்கத்தை மறையுங்கள், கோழி உட்காரும் உயரம் வரை மறையுங்கள். அதற்கு மேலே, கூரையை ஒட்டி, வலை மட்டும் போட்டுத் திறந்தே விடுங்கள். இறகு முளைக்காத குஞ்சுகளுக்குச் சூடு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் சூட்டைப் பல்புதான் கொடுக்க வேண்டும், காற்றை அடைத்துக் கொடுக்கக் கூடாது.

சரி, அந்த ரத்தம். அது ரத்தக் கழிச்சல். செத்த குஞ்சை அறுத்துப் பார்த்தேன், குருட்டுக் குடல் இரண்டிலும் ரத்தம் உறைந்து நிரம்பியிருந்தது. மூன்றிலிருந்து ஆறு வாரக் குஞ்சுகளைத்தான் இது அதிகம் அடிக்கும். எச்சத்தோடு வெளியே வரும் கிருமி முட்டை, வெதுவெதுப்பான ஈரக் கூளம் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் அடுத்த குஞ்சைத் தாக்கத் தயாராகிவிடும். பினாயில் ஊற்றினால் சாகாது, காய்ச்சலுக்கு வாங்கி வீட்டில் மிச்சம் வைத்திருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையும் இதற்கு மருந்தல்ல. ஆம்ப்ரோலியம் போன்ற மருந்தை மருத்துவர் சொன்ன அளவில் குடிநீரில் கலந்து கொடுக்க வேண்டும். ஆம்ப்ரோலியம் கொடுக்கும் நாட்களில் சத்துக்காக என்று பி காம்ப்ளக்ஸ் டானிக்கை உடன் ஊற்றாதீர்கள், அதிலுள்ள தயாமின் (வைட்டமின் பி1) மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும். இதை மருந்து எழுதும்போதே சொல்கிறேன், பாதிப் பேர் கேட்பதில்லை.

தினமும் கூளத்தில் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையை விரித்ததும் உதிர்ந்தால் நல்லது, உருண்டையாக நின்றால் அந்த இடத்தை அன்றே அள்ளி வெளியே போட்டுவிட்டுக் காய்ந்த உமியோ மரச்சீவலோ போடுங்கள். பெரும்பாலும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித்தான் ஈரமாக இருக்கும், அதனால் தொட்டியைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். கூண்டின் தரை மண்ணுக்கு மேலே இருக்கட்டும். பூஞ்சை பிடித்த தீவனத்தைக் காயவைத்துப் போடவே போடாதீர்கள், பூஞ்சை காய்ந்தாலும் நஞ்சு போகாது. மழைக்குப் பின் கொசு பெருகும், கொசு கோழி அம்மையைக் கொண்டுவரும், தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வெள்ளைக் கழிச்சல் (ராணிக்கெட்) வேறு நோய், அதற்கான தடுப்பூசியை மழை தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள், நோய் வந்த பிறகு ஓடிவந்தால் என்னிடம் அதற்கு மருந்து இல்லை.

கடைசியாக ஒரு கெஞ்சல். குஞ்சு செத்தால் உடனே புதைத்துவிடாதீர்கள். பையில் கட்டி, குளிர்ச்சியாக வைத்து, அன்றைக்கே கொண்டுவாருங்கள். ஆனால் உறையவைக்காதீர்கள், உறைந்தால் திசு கெட்டுவிடும். முதல் குஞ்சு செத்த அன்றே அந்த அம்மா வந்திருந்தால் மற்ற ஆறில் சிலவற்றையாவது காப்பாற்றப் பார்த்திருப்பேன்.