தாச்சிக்குள் இரண்டு வெடிச்சத்தம்

அம்மம்மா கோப்பி வறுக்கும்போது வீட்டில் யாரும் கதைக்கக்கூடாது. வானொலியையும் நிறுத்தச் சொல்லுவார். "சத்தம் கேக்கவேணும் மனே" என்பார். எங்கள் வீடு செங்கலடியில், பதுளை வீதி வந்து முடியும் இடத்துக்குக் கிட்ட. மலைப்பக்கத்துக் கொட்டையை ஒரு கொத்து, ஒன்றரைக் கொத்து என்று வாங்கி, சிரட்டை நெருப்பில் தாச்சியை வைத்து, அகப்பையால் விடாமல் கிண்டுவார். கண்ணைவிடக் காதை ஏன் நம்பினார் என்பது எனக்கு இரசாயனவியல் படித்த பிறகுதான் விளங்கியது.

பச்சைக் கொட்டையில் கோப்பி வாசமே இராது. முகர்ந்தால் வைக்கோல் மாதிரி ஏதோ ஒன்று. அதன் நிறையில் 10 முதல் 12 சதவீதம் நீர். முதல் சில நிமிடங்களில் அடுப்புச் சூட்டின் பெரும்பங்கு அந்த நீரை விரட்டவே போய்விடும். கொட்டை மெல்ல மஞ்சளாகும்.

150 பாகை செல்சியசை அண்டியதும் பேக்கரி வாசம் எழும்பும். பாணின் மேல்தோல் சிவப்பதும் கோப்பிக்கொட்டை பழுப்பதும் அடிப்படையில் ஒரே தாக்கம்தான். சீனிவகைகளும் அமினோ அமிலங்களும் சூட்டில் கூடி, நிறமும் மணமும் தரும் எத்தனையோ புதிய சேர்வைகளாகின்றன. 1912இல் இதை விவரித்த பிரெஞ்சு இரசாயனவியலாளர் லூயி கமில் மெயாரின் பெயரால் இதை மெயார் தாக்கம் என்கிறோம்.

இனித்தான் அந்தச் சத்தம். கோப்பிக்கொட்டையின் கலச்சுவர்கள் தடித்தவை, இலகுவில் விட்டுக்கொடுக்காதவை. உள்ளே நீராவியும் காபனீரொட்சைட்டும் சேரச் சேர அமுக்கம் ஏறும். 200 பாகைக்குச் சற்று முன்பின்னாகத் தாங்கமுடியாமல் கொட்டை 'டப்' என்று வெடிக்கும், சோளம் பொரிவதுபோல. ஆனால் சோளம்போல மலர்ந்துவிடாது. கொஞ்சம் ஊதும், நடுக்கோடு விரியும், அவ்வளவுதான். இதிலிருந்து கொட்டை குடிக்கக்கூடிய கோப்பி.

இன்னும் வைத்திருந்தால் 225 பாகை அளவில் இரண்டாவது வெடிப்பு. இது மெல்லிய, படபடவென்ற சத்தம்; காய்ந்த சருகை மிதித்தமாதிரி. இப்போது நொறுங்குவது கலச்சுவரே. உள்ளிருந்த எண்ணெய் கசிந்து கொட்டை பளபளக்கும். புளிப்பு அடங்கிக் கசப்பு மேலோங்கும். அம்மம்மா இறக்குவது இரண்டாவது சத்தம் தொடங்கும் அந்த நொடியில். நான் ஒருமுறை தொலைபேசி எடுக்கப் போய் ஒரு நிமிடம் பிந்தினேன், கிடைத்தது கரி.

இறக்கினாலும் வேலை முடியாது. உள்ளே தேங்கிய சூட்டில் கொட்டை தானாகவே வறுபட்டுக்கொண்டிருக்கும். அதனால் உடனே சுளகில் கொட்டிப் புடைப்பார். காற்றில் சூடு ஆறும், கழன்ற வெள்ளித்தோலும் பறந்துவிடும். கோப்பிக் கம்பனிகள் காற்று ஊதிச் செய்கிற வேலை இதுதான். சுளகு மலிவு.

ஆறிய பிறகு அளந்தால் ஒரு கொத்து ஏறத்தாழ ஒன்றரைக் கொத்தாகியிருக்கும். தராசில் வைத்தாலோ, கிலோவுக்கு 150 கிராம் அளவில் குறைந்திருக்கும். போனது பெரும்பாலும் நீர். மிச்சம், சிதைந்த சேர்வைகளிலிருந்து வந்த வாயு.

கறுக்க வறுத்தால் 'கடும் கோப்பி' என்று பலர் நினைக்கிறார்கள். கடுமையாகத் தெரிவது கசப்புத்தான். நித்திரையை விரட்டுகிற கஃபீன் வறுக்கும் சூட்டில் பெரிதாகக் குறைவதுமில்லை, கூடுவதுமில்லை.

வறுத்த கொட்டை பல நாட்களுக்குக் காபனீரொட்சைட்டை விட்டுக்கொண்டே இருக்கும். புதுத்தூளில் சுடுதண்ணீர் ஊற்றியதும் பொங்குகிற நுரை அதன் வேலை. அம்மம்மா கொட்டையைப் போத்தலில் போட்டு, மூடியை இறுக்காமல் விடுவார். மறந்துவிட்டார் என்று நினைத்து ஒருநாள் நான் இறுக்கிவைத்தேன். அடுத்த நாள் காலை திறந்தபோது 'புஸ்' என்று சீறி, மூடி கையை விட்டுத் தெறித்தது. அம்மம்மா அடுப்படியில் இருந்து சிரித்தார்.