வெள்ளையனின் புள்ளிகளை எண்ணுவதற்கு முன்

வண்ணத்துப்பூச்சிகளின் படங்களைப் பார்த்து இனத்தை உறுதிசெய்து தருவது என் பணியின் ஒரு பகுதி. அரிய இனங்களைவிட, முட்டைக்கோஸ் வயல்களில் சாதாரணமாகப் பறக்கும் வெள்ளையன்களைத்தான் நான் அதிகம் திருத்த நேர்கிறது.

இறக்கையில் ஒரு புள்ளி இருந்தால் ஆண், இரண்டு இருந்தால் பெண் என்று பலரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். வெள்ளையன்களில் சிறிய வெள்ளையன், பச்சை நரம்பு வெள்ளையன் என்னும் இனங்களுக்கு இது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் முன்னிறக்கையின் மேற்புறத்தில் மட்டுமே. சிறிய வெள்ளையனின் அடிப்புறத்தில் ஆண், பெண் இரண்டுக்குமே இரு புள்ளிகள் உண்டு என்பதால், இறக்கையை மூடி அமர்ந்திருக்கும் ஆண்களெல்லாம் பெண்களாகப் பதிவாகிவிடுகின்றன. பெரிய வெள்ளையனிலோ கணக்கே வேறு: ஆணின் மேற்புறத்தில் புள்ளியே இராது, பெண்ணுக்கு இரண்டு புள்ளிகளும், இறக்கையின் கீழ் விளிம்பை ஒட்டி ஒரு கருந்தீற்றலும் இருக்கும்.

வசந்த காலத்தில் பிறக்கும் சிறிய வெள்ளையன் ஆண்களில் சிலவற்றுக்கு அந்த ஒற்றைப் புள்ளியும் மங்கி மறைந்துவிடுவதுண்டு. அப்போது அதைப் புள்ளியில்லாத பெரிய வெள்ளையன் ஆணிலிருந்து பிரித்தறிய அளவை நம்ப வேண்டாம். புழுப் பருவத்தில் போதிய தீனி கிடைக்காத பெரிய வெள்ளையனும் சிறுத்துத்தான் பிறக்கும். இறக்கை நுனியைப் பாருங்கள். பெரிய வெள்ளையனில் அங்குள்ள திட்டு அழுத்தமான கருமையுடன் வெளிவிளிம்பு வழியே வெகுதூரம் கீழிறங்கும். சிறியதில் அது சாம்பல் பூத்து நுனியோடு நின்றுவிடும்.

பச்சை நரம்பு வெள்ளையனை அடையாளம் காட்டுவது பின்னிறக்கையின் அடிப்புறம். அங்கே உண்மையில் பச்சை நிறமே இல்லை. மஞ்சள் பரப்பில் நரம்புகளை ஒட்டித் தூவிய கருஞ்செதில்கள்தாம் நம் கண்ணுக்குப் பச்சையாகத் தோன்றுகின்றன. கோடைத் தலைமுறையில் இக்கோடுகள் வெளிறிவிடும். இதன் புழுக்கள் பெரும்பாலும் கடுகுக் குடும்பத்துக் காட்டுச் செடிகளையே உண்கின்றன. பயிர்த் தோட்டத்தில் கண்டவுடன் இதையும் பூச்சிப் பகையாக எண்ணி அழிப்பது வீண்.

பாலினத்தைச் சொல்ல நடத்தையும் உதவும். இறக்கைகளைத் தட்டையாக விரித்து, வயிற்றை மேல்நோக்கித் தூக்கி நிற்பது, நெருங்கும் ஆணை மறுக்கும் பெண். ஜப்பானில் வாழும் சிறிய வெள்ளையனில் இன்னொரு வேறுபாடும் உண்டு: பெண்ணின் இறக்கை புற ஊதாக் கதிரைப் பிரதிபலிக்கும், ஆணின் இறக்கை அதை உறிஞ்சிக்கொள்ளும். நமக்கு ஒரே வெள்ளையாகத் தெரிபவை, அவற்றின் கண்ணுக்கு இரு நிறங்கள்.

ஆகவே படம் எடுப்பவர்கள் மேற்புறம் ஒன்று, அடிப்புறம் ஒன்று என இரண்டையும் எடுங்கள். காலை வெயிலில் இறக்கைகளைப் பாதி விரித்துக் காயும்போது மேற்புறம் கிடைத்துவிடும்.