உண்ணிக் காய்ச்சல் என்பது எந்தக் காய்ச்சல்?

மழைக்காலம் தொடங்கினால் போதும், 'உண்ணிக் காய்ச்சல் பரவுகிறது' என்று செய்தி வந்துவிடும். கூடவே ஒரு நாயின் காதும் அதில் ஒட்டிய உண்ணியும் படமாக வரும். சொல்லும் தப்பு, படமும் தப்பு. செய்தி சொல்வது ஸ்க்ரப் டைஃபஸ் என்ற காய்ச்சலைப் பற்றி. அதை உண்ணி பரப்புவதே இல்லை.

உண் என்ற வினையடியில் பிறந்தது உண்ணி. ஊனுண்ணி, ஒட்டுண்ணி என்று பிற சொல்லோடு சேர்ந்தால் 'உண்பது' என்று மட்டும் பொருள். தனியே நின்றால் ஆடு, மாடு, நாய் மேல் ஒட்டி ரத்தம் குடிக்கும் எட்டுக்கால் உயிர். உண்ணிக்கொக்கு என்று பறவைக்குப் பெயர் வைத்தவர்களுக்கு இதில் குழப்பமே இருந்ததில்லை.

நாயின் காதை மடித்துப் பாருங்கள். தட்டையாகப் பழுப்பு நிறத்தில் இருப்பது பழுப்பு நாய் உண்ணி. ரத்தம் குடித்த பெண் உண்ணி சாம்பல் நிறமாகி ஆமணக்கு விதை போல உப்பிவிடும். லத்தீனில் உண்ணிக்கும் ஆமணக்குக்கும் ரிசினஸ் என்று ஒரே பெயர் வந்ததும் இந்த உருவத்தால்தான். இது நாய்க்கு எர்லிக்கியா, பபீசியா நோய்களையும் மனிதருக்கு இந்திய உண்ணி டைஃபஸையும் தரும். மாட்டு உண்ணி பபீசியா, அனபிளாஸ்மா நோய்களைத் தரும். இவ்விரண்டில் மாட்டின் சிறுநீர் ரத்த நிறமாகப் போவது பபீசியாவில்தான். உண்ணியின் கால்களில் வெள்ளை வளையம் தெரிந்தால் அது ஹயலோமா என்ற வகை. கலப்பினக் கறவைகளைச் சாய்க்கும் தைலேரியா நோய் அதன் வழியே வருகிறது.

ஸ்க்ரப் டைஃபஸைப் பரப்புவது வேறு உயிர். புதரிலும் புல்லிலும் எலிகளை அண்டி வாழும், உண்ணிக்கு உறவான மைட் என்ற நுண்ணிய உயிரில் ஒருவகையின் இளம்புழு, கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். அது ரத்தம் குடிப்பதில்லை. தோலைக் கரைத்து அந்தச் சாற்றை உறிஞ்சும். ஒரியென்ஷியா சுட்சுகமுஷி என்ற கிருமியின் பெயரிலுள்ள சுட்சுகமுஷி, நோய்ப்பூச்சி என்று பொருள்படும் ஜப்பானியச் சொல்.

'மைட்டும் உண்ணியும் ஒரே இனந்தானே, என்ன கெட்டுவிட்டது?' என்பார்கள். நிறையக் கெடுகிறது. உண்ணி என்று படித்தவர் வீட்டு நாயைக் குளிப்பாட்டிவிட்டு நிம்மதியாகிறார். கொல்லைப்புறப் புதரும் எலியும் அப்படியே இருக்கின்றன. உண்ணி கடித்த நினைவே இல்லை என்பதால் டாக்டரிடமும் எதுவும் சொல்வதில்லை.

சிலர் 'சிற்றுண்ணி' என்று திருத்துகிறார்கள். அதுவும் உதவாது. கேட்பவர் காதில் சின்ன உண்ணி, உண்ணிக்குஞ்சு என்றுதான் விழும். உண்ணிக்கு உண்மையிலேயே ஆறுகால் குஞ்சுப் பருவம் இருக்கும்போது அந்தப் பெயரை இன்னொன்றுக்குத் தாரை வார்ப்பது எப்படிச் சரியாகும்? விவசாயிகளிடம் ஏற்கனவே செம்பேன், சிலந்திப்பேன் என்ற சொற்கள் உண்டு. செடியில் சாறு உறிஞ்சும் மைட்டுக்கு அவர்கள் வைத்த பெயர்கள் அவை. புதரில் இருப்பதைப் புதர்ச்செம்பேன் எனலாம், நோயைப் புதர்க் காய்ச்சல் எனலாம். எங்கே கவனம் வேண்டும் என்பதைப் பெயரே சொல்லிவிடும். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைப் புரட்டும் நேரத்தில் ஒரு விவசாயியிடம் கேட்டிருந்தால் போதும்.

இதைவிட வருத்தம், உண்மையான ஓர் உண்ணிக் காய்ச்சலை நாம் வேறு பெயரில் கூப்பிடுவது. 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா பகுதியில், கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. அப்புறம் மனிதருக்கும் காய்ச்சல் வந்தது. பரப்பியது ஹீமாஃபைசாலிஸ் என்ற காட்டு உண்ணி. பெயரோ குரங்குக் காய்ச்சல்! நோயில் மடியும் குரங்கின் தலையில் பழியும் விழுகிறது. 'கியாசனூர் உண்ணிக் காய்ச்சல்' என்றால் என்ன குறை?

டைஃபஸை டைஃபாய்டு என்று எழுதுவது தனிக் கொடுமை. டைஃபாய்டு, அசுத்தமான நீராலும் உணவாலும் வரும் வேறு நோய். புதர்க் காய்ச்சலில் அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு போன்ற மறைவிடங்களில் சிகரெட் சுட்டதுபோல ஒரு கருத்த பொருக்கு பலருக்கு இருக்கும். வலிக்காது என்பதால் தேடினால்தான் தெரியும். சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரைக்குக் கட்டுப்படும். அடுத்த மழைக்குச் செய்தி போடுபவர்கள் நாய்ப் படத்தை எடுத்துவிட்டு அந்தப் பொருக்கின் படத்தைப் போடட்டும்.