பழைய வண்டிக்குள்ள காணாமப் போற வோல்ட்டு

அம்பாசிடர், பத்மினி மாதிரி பழைய வண்டிய வீட்டு முன்னால நிறுத்தி வச்சு தானே சரி பண்ணுதவங்ககிட்ட ஒரு புலம்பல் அடிக்கடி கேக்கும். புது ஹாலோஜன் பல்பு மாட்டியாச்சு, பேட்டரியும் புதுசு, ஆனா ராத்திரி நாங்குநேரி தாண்டி வள்ளியூர் ரோட்டுல போனா முன்னாடி மஞ்சளா ஏதோ எரியுது, அவ்வளவுதான். உடனே கடையில 100 வாட் பல்பு போடச் சொல்லுவாங்க. போட்டா இன்னும் மோசமாகும்.

அம்பாசிடரோட மூல டிசைன் 1950கள்ல வந்த மோரிஸ் ஆக்ஸ்போர்டு. அந்தக் காலத்து வண்டியள்ல ஹெட்லைட்டுக்கு வேண்டிய மொத்தக் கரண்டும் பேட்டரியில இருந்து டேஷ்போர்டு சுவிட்சுக்கு வந்து, அங்கருந்து டிம், பிரைட் மாத்துற டிப்பர் சுவிட்சுக்குப் போய், அப்புறம் திரும்ப முன்னாடி வந்துதான் பல்பச் சேரும். நடுவுல எத்தன டெர்மினல் இருக்கோ அத்தனையும் பல வருசமா களிம்பு பூத்துக் கெடக்கும், அதுவும் உவரி, திசையன்விளை பக்கம் கடக்காத்துல நின்ன வண்டின்னா சொல்லவே வேண்டாம்.

கணக்கு சின்னதுதான். 60 வாட் பல்பு ரெண்டு, 12 வோல்ட்டு, அப்போ 10 ஆம்பியர் ஓடுது. வழியில எல்லா டெர்மினலும் சேந்து வெறும் 0.2 ஓம் தடை இருந்தாக்கூட 10ஐ 0.2ஆல பெருக்கினா 2 வோல்ட்டு அங்கயே போயிருது. போறதுன்னா மாயமா போறதில்ல, 20 வாட் சூடா அந்தச் சுவிட்சுலயும் வயருலயும் எறங்குது. 100 வாட் பல்பு ரெண்டு போட்டா கரண்டு 16 ஆம்பியரத் தாண்டும், ஆனா சூடு கரண்டோட வர்க்கத்துல ஏறுறதால 50 வாட்டுக்கு மேல போயிரும். சுவிட்சு பிளாஸ்டிக் உருகி நாத்தம் வருதுன்னா காரணம் இதுதான்.

பல்போட குணமும் சேந்து நம்மளக் கவுத்துரும். இழை பல்புல வோல்ட்டு 10 சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் 10 சதவீதம் குறையாது, கிட்டத்தட்ட 30 சதவீதம் குறையும், வோல்ட்டு 20 சதவீதம் போச்சுன்னா வெளிச்சம் பாதிக்கும் கீழ. இழையோட சூடு இறங்குனா அது குடுக்குற ஒளியில கண்ணுக்குத் தெரியுற பங்கு ரொம்ப வேகமா கொறையும், மஞ்சளா தெரியுறதும் அதனாலதான்.

சரி, மீட்டர் வச்சுப் பாத்தாச்சு, பல்பு சாக்கெட்டுல 12.6 காட்டுதுன்னு சொல்லுவாங்க. பல்பக் கழட்டிட்டுப் பாத்தா அப்படித்தான் காட்டும். மாடித் தொட்டியில இருந்து வர்ற பைப்பு பாதி அடைச்சிருந்தாலும் டேப் மூடியிருக்க வரைக்கும் உள்ள பிரஷர் முழுசா நிக்கும், திறந்தாத்தான் அடைப்பு தெரியும், இதுவும் அதே கதை. மல்டிமீட்டர் இழுக்கது ஒண்ணுமில்லாத கரண்டு, கரண்டு ஓடலன்னா தடையில வோல்ட்டு விழாது. அதனால பல்பு எரியும்போதுதான் அளக்கணும்.

அளக்குற முறை இதான்: மீட்டர டிசி 20 வோல்ட்டுல வச்சு, ஹெட்லைட்டப் போட்டுட்டு, ஒரு முனைய பேட்டரியோட பிளஸ் ஈயக் குமிழ்லயும் இன்னொண்ண பல்போட பிளஸ் காலுலயும் வைங்க. அதக் கவ்வியிருக்க வயர் கிளாம்புல வைக்காதீங்க, குமிழ்ல, ஏன்னா கிளாம்புக்கும் குமிழுக்கும் நடுவுலயே ஒரு களிம்பு ஒளிஞ்சிருக்கும். மீட்டர்ல வர்றது வழியில தொலைஞ்ச வோல்ட்டு. அப்புறம் பல்போட எர்த் காலுல (கரண்டு வண்டி பாடி வழியா பேட்டரிக்குத் திரும்புற பக்கம்) இருந்து பேட்டரி மைனஸ் குமிழுக்கு அதே மாதிரி. ரெண்டும் சேந்து அர வோல்ட்டுக்குள்ள இருந்தா நல்லது. அதுக்கு மேலன்னா ஒவ்வொரு டெர்மினலா முனைய நகத்திப் பாருங்க, எங்க திடீர்னு எகிறுதோ அங்கதான் திருடன்.

நிறைய பேர் பிளஸ் பக்கத்த மட்டும் பாத்துட்டு எர்த்த விட்டுருவாங்க, என் அனுபவத்துல பழைய வண்டியில பாதி வினை எர்த்துலதான். அதுலயும் ஒரு கூத்து, டிங்கரிங் பெயிண்டிங் முடிச்சு பளபளன்னு வந்த வண்டியிலதான் இது கூடுதல். பெயிண்ட் கரண்டக் கடத்தாது, எர்த் போல்ட்டுக்கு அடியிலயும் பெயிண்ட் அடிச்சு மேலயே டைட் பண்ணிருப்பாங்க. பிரேக்க மிதிச்சா இண்டிகேட்டரும் மங்கலா கூட எரியுதா? பின்னாடி லைட்டுக்கு எர்த் இல்லாம கரண்டு அடுத்த பல்போட இழை வழியா திரும்பப் பாக்குது.

இதவிட பெரிய கூத்து எஞ்சின் எர்த். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்ல உக்காந்திருக்கு, ரப்பரும் கரண்டக் கடத்தாது, அதனாலதான் எஞ்சினுக்கும் சேசிசுக்கும் நடுவுல ஒரு செம்புப் பட்டை போட்டுருப்பாங்க. அது அறுந்தோ தளந்தோ போச்சுன்னா செல்ப் மோட்டார் கேக்குற நூத்துக்கணக்கான ஆம்பியர் சோக் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் வழியா திரும்பப் பாக்கும். செல்ப் அடிக்கும்போது சோக் கேபிள் சூடாகுதா, புகையுதா, மொதல்ல பட்டையப் பாருங்க.

எஞ்சினும் இதுல மாட்டும். பிளக்குக்குப் பொறி குடுக்குற இக்னிஷன் காயிலுக்கும் பல வண்டியள்ல அதே பழைய வயர்லதான் கரண்டு வருது. காயில் சேமிக்கிற சக்தி கரண்டோட வர்க்கத்தப் பொறுத்தது, வோல்ட்டு 20 சதவீதம் விழுந்தா பொறிக்கான சக்தி மூணுல ஒரு பங்குக்கு மேல போயிருது. பகல்ல நல்லா ஓடுத வண்டி ராத்திரி லைட்டப் போட்டதும் மிஸ் அடிக்கும், "அண்ணாச்சி, கார்பரேட்டரக் கழட்டிருவோமா"ன்னு கேப்பாங்க, பாவம் கார்பரேட்டர்.

தீர்வு ரிலே, அதாவது சின்னக் கரண்டால பெரிய கரண்ட ஆன் பண்ணுத ஒரு சுவிட்சு. பழைய சுவிட்சு இனிமே 10 ஆம்பியரத் தூக்க வேண்டாம், ரிலேயோட காயிலுக்கு வேண்டிய 0.2 ஆம்பியருக்கும் கம்மியான கரண்டத் தூக்கினாப் போதும். ரிலேயோட கால்ல நம்பர் இருக்கும்: 85, 86 காயில் கால், ஒண்ணுல பழைய ஹெட்லைட் வயரு, மத்தது எர்த். 30க்கு பேட்டரியில இருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரு, பேட்டரிக்குப் பக்கத்துலயே 20 ஆம்பியர் பியூசோட, 87ல இருந்து பல்புக்கு. டிம்முக்கு ஒண்ணு, பிரைட்டுக்கு ஒண்ணுன்னு ரெண்டு ரிலே வேணும். 60 வாட் பல்பே போதும், எதிர்ல வாரவன் கண்ணையும் நெனைக்கணும்லா. பேட்டரி மைனஸக் கழட்டிட்டு வேலைய ஆரம்பிங்க (வண்டி பாசிட்டிவ் எர்த்தா இருந்தா பிளஸ்ஸ), மோதிரத்தயும் கழட்டி வச்சிருங்க. எர்த் போல்ட்டுக்கு அடியில உப்புத்தாள் போட்டு இரும்பு பளிச்சுன்னு தெரியுற வரைக்கும் தேச்சு, பல் வாசர் போட்டு முறுக்கி, மேல கொஞ்சம் வாசலின் தடவுங்க.

இவ்வளவு பண்ணியும் ஐடில்ல மட்டும் லைட்டு மங்குனா அது பேட்டரிய சார்ஜ் பண்ணுத பழைய டைனமோவோட குணம், கம்மி வேகத்துல அதால பெருசா ஒண்ணும் குடுக்க முடியாது. அதுக்குப் பதிலா கம்மி வேகத்துலயும் கரண்டு குடுக்குற ஆல்டர்னேட்டர் மாத்தலாம், ஆனா டேஷ்போர்டுல அம்மீட்டர் (கரண்ட அளக்குற மீட்டர்) உள்ள வண்டியில சார்ஜ் ஆகுற கரண்டு அது வழியாத்தான் போகும், 22 ஆம்பியர் டைனமோவுக்குப் போட்ட வயர்ல 45 ஆம்பியர ஓட விடாதீங்க, மெயின் வயரத் தடிமனா மாத்தி அம்மீட்டரத் தாண்டி நேரா பேட்டரிக்கு இழுத்துட்டு, அந்த எடத்துல ஒரு வோல்ட்மீட்டர மாட்டுங்க.