பி.பி. நார்மல் என்றால் ரத்தம் போகவில்லை என்று அர்த்தமா?

அவசர மருத்துவ எம்.டி. தேர்வுக்குப் படிப்பவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பைக் விபத்தில் அடிபட்ட 25 வயது இளைஞர். நாடித்துடிப்பு 118, ரத்த அழுத்தம் 110/86. கை கால் சில்லிட்டிருக்கிறது, கொஞ்சம் பதற்றம். அடுத்து என்ன செய்வீர்கள்? "வைட்டல்ஸ் (நாடி, அழுத்தம் போன்றவை) ஸ்டேபிள், சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பலாம்" என்று பலரும் சொல்கிறார்கள். இந்தப் பதில் எனக்குப் பயத்தைத் தருகிறது.

உடலில் உள்ள ரத்தத்தில் 30 சதவீதம் வரை, அதாவது சுமார் ஒன்றரை லிட்டர் போகும் வரைக்கும் மேல் அழுத்தம் இறங்காமல் நிற்கலாம். இளம் ரத்தக்குழாய்கள் இறுக்கிப் பிடித்துச் சமாளிக்கும். அப்படி இறுகும்போது கீழ் அழுத்தம் ஏறும், இரண்டுக்கும் உள்ள இடைவெளி குறுகும். மேலே சொன்ன கேஸில் அது வெறும் 24. விடை அங்கேதான் இருக்கிறது: அழுத்தம் நார்மலாகத் தெரிந்தாலும் ரத்தம் போய்க்கொண்டிருக்கலாம். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடும் முதியவருக்கு நாடிகூட ஏறாது, ஆகவே அந்த மாத்திரையைப் பற்றிக் கட்டாயம் விசாரியுங்கள்.

சரி, ரத்தம் எங்கே போகிறது? வெளியே, நெஞ்சு, வயிறு, இடுப்பெலும்பு, தொடை. இந்த ஐந்தையும் படுக்கையருகிலேயே தேடுங்கள்: கண்ணால், கையால், ஃபாஸ்ட் ஸ்கேனால் (உள்ளே ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று பார்க்கும் அல்ட்ராசவுண்ட்), எக்ஸ்ரேயால். இடுப்பெலும்பு உடைந்திருக்கலாம் என்று தோன்றினால் பைண்டரை, அதாவது இடுப்பெலும்பை இறுக்கிப் பிடிக்கும் பட்டையை, கட்டிவிடுங்கள். அதை இடுப்பு மடிப்பில் கட்டக் கூடாது, தொடையெலும்பின் மேல்முனை துருத்தும் இடத்தில் கட்ட வேண்டும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இந்த ஒரு வரியிலேயே, நீங்கள் கையால் கட்டிப் பழகியவரா என்று தேர்வாளருக்குத் தெரிந்துவிடும்.

ரத்த உறைவு கரையாமல் தடுக்கும் டிரானெக்சாமிக் ஆசிட்டை விட்டுவிடாதீர்கள். இந்த மருந்தைச் சோதித்து 2010-இல் வெளியான கிராஷ்-2 ஆய்வில் 20,000-க்கும் அதிகமான நோயாளிகள் இருந்தார்கள். முதல் 10 நிமிடத்தில் 1 கிராம், அப்புறம் 8 மணி நேரத்தில் இன்னொரு 1 கிராம். அடிபட்டு 3 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன். அதற்குப் பிறகு கொடுத்தால் கெடுதலாகவும் முடியலாம்.

சலைனை லிட்டர் லிட்டராக ஏற்றும் பழக்கத்தையும் விட வேண்டும். ரத்தம் நீர்த்துப்போகும், உடல் குளிரும், உறைதல் கெடும். ஒரு லிட்டரோடு நிறுத்திவிட்டு ரத்தத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். ஈரத் துணியைக் களைந்து போர்த்திவிடுங்கள். அந்த லிட்டருக்கு அழுத்தம் ஏறி மறுபடி சரிந்தால், உள்ளே இன்னும் கசிகிறது என்று பொருள். அடுத்து என்ன என்று தேர்வாளர் கேட்டால், "அறுவை மருத்துவரை இப்போதே கூப்பிடுகிறேன்" என்று சொல்லுங்கள்.