கைக்குழந்தையை விட்டு வேலைக்குப் போகிறீர்களா? உங்களுக்கு உள்ள உரிமைகள்

மகப்பேறு விடுப்பு 26 வாரம் என்பது திருப்பூர், பெருந்துறைப் பக்கம் கம்பெனிக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். அது முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகு என்ன கிடைக்கும் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, பால் கொடுக்கத் தினமும் இரண்டு இடைவேளை உண்டு. அதற்காகச் சம்பளம் பிடிக்கக் கூடாது. பீஸ் ரேட்டில் தைப்பவர்கள் எழுந்து போனால் பீஸ் குறையும் என்று மெஷினை விட்டு நகர்வதே இல்லை. நடைமுறையில் உள்ள பெரிய சிக்கல் இதுதான். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். 50 பெண்கள் என்று கணக்குச் சொன்னால் நம்பாதீர்கள், ஆண்களையும் சேர்த்துத்தான் 50. ஓய்வு நேரத்தையும் சேர்த்து, தாய் நாளுக்கு 4 முறை அங்கே போய்ப் பார்க்கலாம். 2017-இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டத்தில் வந்த இந்தக் காப்பக விதி, 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. காண்ட்ராக்டர் மூலம் சேர்ந்தவர்களுக்கும் பொருந்தும்.

அடுத்து, குழந்தை வளர்ப்புப் பாடம். இதற்குத் தனியாக வகுப்புத் தேட வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை தடுப்பூசி போடும்போது கிராம சுகாதார செவிலியரிடம் கேட்கலாம். கையில் இருக்கும் தாய்-சேய் நல அட்டையை ஊசி தேதி பார்க்க மட்டும் பிரிக்காதீர்கள். எந்த மாதத்தில் குழந்தை என்ன செய்யும், நாம் அதோடு எப்படிப் பேசி விளையாட வேண்டும் என்று அதில் படத்தோடு போட்டிருக்கிறது.

பகலில் குழந்தையை வைத்திருப்பது பெரும்பாலும் அம்மிச்சியோ அப்பத்தாவோதான். ஆகவே புதன்கிழமை அவர்களும் வரட்டும், அப்பாவும் ஒரு பொழுது லீவு போட்டு வரட்டும். "பிறந்த குழந்தைக்குத் தேன் வைக்காதீங்க, ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் தவிர தண்ணிகூட வேண்டாமுங்க" என்று மருமகள் சொன்னால் வீட்டில் சண்டை வரும். நர்ஸம்மா சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். வேலைக்குப் போகுமுன் பாலைப் பீய்ச்சிச் சுத்தமான மூடிய கிண்ணத்தில் வைத்தால், பாலாடையில் புகட்டலாம். பாட்டில் வேண்டாம். எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதையும் அங்கேயே கேளுங்கள், நம் ஊர் வெயிலுக்குப் பால் சீக்கிரம் கெடும்.

ஆறு மாதம் முடிந்ததும் அங்கன்வாடியில் பதிந்து சத்துமாவு வாங்கிக்கொள்ளுங்கள், எடையும் அங்கேயே போடுவார்கள்.

இடைவேளையோ காப்பகமோ தராத தொழிற்சாலை மீது, மாவட்டத்தில் உள்ள தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம்.